கோலில் நின்ற மஞ்சள் ஸ்வெட்டர்

என் ஆசை கோவிந்தண்ணா,

நீ இருக்கிற இடத்துக்கு நம்ம ஊர் மேட்ச் சேதியெல்லாம் வருமா? வராது என்றால் நல்லது. வந்திருந்தால் நீயும் எங்களைப் போலவே வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பாய். சீசன் தொடங்கி இரண்டு மேட்ச் முடிந்துவிட்டது அண்ணா. இரண்டிலும் தோற்றுவிட்டோம். தோற்றோம் என்று எழுதினால் போதாது. பண்ணுருட்டிக்காரர்கள் விழுப்புரத்துக்கே வந்து நாலு கோல் போட்டுவிட்டுப் போனார்கள். திண்டிவனத்துக்குப் போய் ஆறு வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆமாம், ஆறு. நானும் முதலில் நம்பவில்லை.

அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். விளக்கைத் தரையில் வைத்து, வெளிச்சம் அவர்கள் பக்கம் போகாமல் முறத்தைச் சாய்த்துக்கொண்டு எழுதுகிறேன். யுத்தம் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, வீணாக்கினால் அம்மா திட்டுவாள். ஆனால் என் பயம் அதற்கில்லை. இந்த வீட்டில் இனிமேல் யாரும் புட்பால் என்று வாயெடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்பாவைப் பார்த்துத்தான் பயம். நம் அப்பாவைப் பார்த்து! சிரிக்காதே. கடைசிவரை படி.

போன வருஷம் நீ கோலில் நின்றாய், நம்ம ரயில்வே டீம் டிவிஷனில் இரண்டாவதாக வந்தது. இந்த வருஷம் மேல் டிவிஷன்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மாசியில் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோன பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. பிளாட்பாரத்தில் மல்லாட்டை விற்கிற முனுசாமி மாமாவை உனக்குத் தெரியாதா? உன் ஆட்டம் ஒன்றுகூட விடாதவர். கடலைப் பொட்டலம் வாங்குகிறவர்களிடமெல்லாம், "கோவிந்தன் போய்ட்டான், நெசந்தான். ஆனா அவன் பழக்கின பையன் இருக்கான்ல? பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பையன் ஆரோக்கியம். லோகோ ஷெட்டில் நீ ஃபயர்மேனாக இருந்த எஞ்சினைத் துடைத்த கிளீனர். சாயங்காலம் சாயங்காலம் நீ கையோடு அழைத்துப் போய்ப் பந்து பிடிக்கப் பழக்கினாயே, அவனேதான் இப்போது உன் இடத்தில் நிற்கிறான். பூனை மாதிரி பாய்வான் என்று நீதான் சொல்வாய்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால், மைதானத்தில் கோலுக்குப் புது சவுக்குக் கம்பம் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அது முடிந்ததும் அப்படியே கூட்டமாக நம் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் முனுசாமி மாமாவும் கேப்டன் ரங்கசாமியும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாதான் பேசினார்.

"அக்கா, கோவிந்தனோட ஸ்வெட்டர குடுங்க. இந்த வருஷம் பூரா அது கோல்ல நிக்கட்டும். அவனே நிக்கிற மாதிரி எங்களுக்கு இருக்கும்."

ஷெட்டில் இருந்த வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போகும்போது உனக்குக் கொடுத்தாரே, மஞ்சள் கம்பளி ஸ்வெட்டர், அது. வெயில் காலத்திலும் அதைக் கழற்றமாட்டாயே. அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்தாள்.

"குடுக்கிறேன். ஆனா சோப்பு போடக் கூடாது. கத்திரி படக் கூடாது. எம்புள்ள வாசன அதுலதான் இருக்குது. ஆட்டம் முடிஞ்சா எங்கிட்டயே கொண்டாந்துடணும்."

"சத்தியமா அக்கா."

ஆரோக்கியம் தெருவிலேயே நின்றிருந்தான். சேரிப் பையன், வாசலுக்குள் வரமாட்டான். அம்மா படியிறங்கிப் போய் அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். அத்தனை பேரில் ஒருத்தருக்காவது அவன் எவ்வளவு உயரம் என்று பார்க்கத் தோன்றவில்லை அண்ணா. நீ நம் வாசலில் குனிந்துதான் நுழைவாய். அவனோ கேப்டனின் தோளுக்குக்கூட வரமாட்டான்.

பண்ணுருட்டி மேட்ச் அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி நின்றேன். அங்கிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். பண்ணுருட்டிக்காரர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். புது டீம், இந்த வருஷம்தான் நம் டிவிஷனுக்கு வந்திருக்கிறது. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"ஏம்பா, மல்லாட்ட புடுங்க வந்தீங்களா, பந்தாட வந்தீங்களா?" என்று முனுசாமி மாமா கேட்டார்.

"ரெண்டும்தான். மொதல்ல உங்க கம்பத்த புடுங்கறோம்" என்று வண்டியிலிருந்து ஒருத்தன் சொன்னான். நம்ம ஊர்க்காரர்களே சிரித்துவிட்டார்கள். அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

முதல் கோலை எப்படிச் சொல்வேன்? ஒன்றுமில்லாத பந்து. நேராக, மெதுவாக, நெஞ்சு உயரத்துக்கு வந்தது. ஆரோக்கியம் பந்து வருவதற்கு முன்னாலேயே சரியான இடத்தில் நின்றுவிட்டான். கையை நீட்டினான். ஆனால் விரல் வெளியே இல்லை. மஞ்சள் கை அவன் விரலைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பந்து அந்தக் கம்பளியில் பட்டு வழுக்கி, அவன் வயிற்றில் உரசி, காலுக்கிடையில் உருண்டு உள்ளே போய்விட்டது.

யாரும் கத்தவில்லை. பண்ணுருட்டிக்காரர்கள்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குதித்தார்கள். நம்ம பக்கம் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள், அவராவது இல்லையென்று சொல்லமாட்டாரா என்பது போல.

அதன் பிறகு அவன் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ஆடினான். ஒவ்வொரு தடவையும் அது சரிந்து இறங்கியது. மேலேயிருந்து பார்த்த எனக்கு அது தெரிந்தது. கீழே நின்றவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் எல்லோர் கண்ணிலும் நீதான் தெரிந்தாய் போலிருக்கிறது.

இடைவேளையில் அவன் எங்கிருந்தோ சணல் கயிறு எடுத்து வந்து, கையை மடித்து மணிக்கட்டில் கட்ட ஆரம்பித்தான். ஒரு கை கட்டியிருப்பான். முனுசாமி மாமா கோட்டைத் தாண்டி ஓடினார்.

"டேய், கட்டாதடா! மாசியில ஒரு தரம் அந்தக் கைய கட்டினோமே, பத்தாதா? அவுறுடா, அவுறு!"

உனக்குத் தெரிந்திருக்காது. உன்னைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்ததும், எல்லோருக்கும் செய்கிற மாதிரி, உன் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். கட்டியவர் முனுசாமி மாமாதான். பந்தைப் பிடிக்கிற கையாச்சே என்று சொல்லிச் சொல்லிக் கட்டினார். அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் பாதிப்பேர் மைதானத்தில் நின்றிருந்தார்கள். மாமா அப்படிக் கத்தினதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆரோக்கியத்துக்கு எப்படி இருந்திருக்கும்? "தப்புதாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டே பல்லால் கடித்து அவிழ்த்தான்.

இடைவேளைக்குப் பிறகு இன்னும் மூன்று கோல். ஆட்டம் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணுருட்டிக்காரர்கள் வண்டி கட்டும்போது, வந்ததும் கேலி பேசினானே, அவன் வந்து மாமாவிடம், "பெரியவரே, நாங்களும் இத நெனைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனான். மாமா அவன் மடியில் ஒரு பொட்டலம் மல்லாட்டையைப் போட்டாராம். என்ன செய்கிறோம் என்று தெரியாமல்தான் போட்டிருப்பார்.

திண்டிவனம் மேட்ச் அதைவிடக் கொடுமை. நான் அங்கே போகவில்லை, ஆனால் சேதி வந்தபோது ஸ்டேஷனில் இருந்தேன். வெளியூர் மேட்ச் என்றால் தந்தி ஆபீஸ் ஜன்னலில் கூட்டம் நிற்குமே, அப்படித்தான் நின்றது. தந்தி மாஸ்டர் டொக் டொக்கென்று வருவதைக் கேட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"இருங்கய்யா. திண்டிவனத்துல யாரோ புது ஆளு உக்காந்திருக்கான். தப்பா தட்றான்."

"இன்னா தட்றான், அதச் சொல்லுங்க."

"ஆறு, ஒண்ணுன்னு தட்றான்."

"ஆறா!" என்று கூட்டம் துள்ளியது. "பாத்தியா? நாம ஆறு! பண்ணுருட்டிக்குப் போட வேண்டியதையும் சேத்துப் போட்டுட்டானுங்க" என்றார் முனுசாமி மாமா. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருத்தர் மாலை வாங்க ஓடிவிட்டார். தந்தி மாஸ்டர் மறுபடி கேட்டுத் தட்டினார். மறுபடி வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"யாருக்கு ஆறு சார்?"

அவர் ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தினார். சாத்தும்போது, "நமக்கில்லப்பா" என்றார்.

அப்போதும் பாதிப்பேர் நம்பவில்லை. ராத்திரி பாசஞ்சரில் நம்ம டீம் வந்து இறங்கும்வரை நம்பவில்லை. வாங்கி வந்த மாலையை வைத்துக்கொண்டு அந்த ஆள் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

திண்டிவனத்தில் நாலாவது கோலுக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களே கை தட்டுவதை நிறுத்திவிட்டார்களாம். அங்கே ஒரு பெரியவர் வந்து, "உங்க கோல்கீப்பருக்கு ஒடம்பு சரியில்லயா தம்பி? நல்லா நிக்கிறான், நல்லா பாய்றான், பந்து மட்டும் நிக்க மாட்டேங்குதே" என்று கேப்டனைக் கேட்டாராம். மேட்ச் பார்க்கப் போய் மறுநாள் சைக்கிளில் திரும்பி வந்த நம்ம ஊர்க்காரர்கள் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கடைக்காரர் "எந்த ஊரு சாவுக்குப் போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டாராம். ஊரே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் பார்க்கிறது, முடியவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. டீம் வந்து இறங்கின அன்றைக்கு அப்பாவுக்கு ராத்திரி டியூட்டி. ரயிலுக்குச் சிக்னல் காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரக் கோடியில் நின்றிருந்தார். தூக்குச்சட்டியோடு நான் முனுசாமி மாமாவின் கூடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா விளக்கைக் கீழே வைத்தார். கூட்டத்துக்குள் நடந்து போனார். ஆரோக்கியத்தின் முன்னால் போய் நின்றார்.

"எம்புள்ள சட்டய போட்டுக்கினு ஆறு கோல் வாங்கிக்கினு வந்து நிக்கிறியே. அவன் பேர அழிக்கத்தான் வந்தியாடா?"

அடித்துவிட்டார், அண்ணா. கன்னத்தில். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நம் இரண்டு பேரையும் ஒரு நாளாவது அடித்திருக்கிறாரா அப்பா? நாயைக்கூட விரட்டத் தெரியாதவர். ஆரோக்கியம் அக்குளில் வைத்திருந்த பேப்பர் பொட்டலத்தை எடுத்தான். மடித்து வைத்த உன் ஸ்வெட்டர். அதை அப்பாவிடம் நீட்டி, "அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்று சொன்னான். அவ்வளவுதான்.

அப்பா அடித்ததுதான் தாமதம், மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது. "சேரிப் பையன நிக்க வெச்சா இப்பிடித்தான்" என்றான் ஒருத்தன். "வெல போய்ட்டான்யா" என்றான் இன்னொருத்தன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலூர்க்காரர்கள் வருகிறார்கள். அதிலும் தோற்றால் ஆரோக்கியத்தை ஷெட்டில் காலெடுத்து வைக்க விடமாட்டோம் என்று பிளாட்பாரத்திலேயே சத்தியம் செய்தார்கள். சும்மா சொல்கிற பேச்சாக எனக்குத் தெரியவில்லை. மாலை வாங்கப் போனவரும் சேர்ந்துதான் சொன்னார்.

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தும் அப்பா சாப்பிடவில்லை. வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்மா ஸ்வெட்டரை வாங்கி மோந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தாள். அதில் உன் வாசனை இன்னும் இருக்கிறதா, ஆரோக்கியத்தின் வேர்வை வாசனையா?

நேற்று ஷெட்டுக் குழாயடியில் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். கரி கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்குத் தைரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஏன் ஆரோக்கியண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னாத்த சொல்றது பாப்பா?"

"ஸ்வெட்டர் கை நீளம்னு. பந்து வழுக்குதுன்னு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மறுபடி கையைத் தேய்க்க ஆரம்பித்தான். "கோவிந்தண்ணன் சட்ட எனக்கு ஒத்துக்கலன்னு என் வாயால சொல்லணுமா? சொன்னா ஊரு இன்னா சொல்லும்? அவன் அளவுக்கு நீ இல்லடான்னு சொல்லும். அதுவும் நெசந்தானே?"

"அப்ப போடாத."

"உங்கம்மா படியெறங்கி வந்து எங்கையில குடுத்தாங்க பாப்பா. எங்க சனத்துல யாருக்கு அப்பிடிக் குடுத்திருக்காங்க? ஞாயித்துக்கெழமையும் அதத்தான் போடுவேன்."

"தோத்துட்டா?"

"பனமலைப் பக்கம் எங்க மாமன் கரும்பு வெட்றாரு. அங்க போய்டுவேன். நீ போ, யாருனா பாத்தா பேஜாரு" என்றான்.

போய்விடுவானாம். இரண்டு வருஷம் எஞ்சின் துடைத்து, அடுத்தது ஃபயர்மேன்தான் என்று நீ அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாயே. அதை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விடுவானாம். உன் சட்டை பெரிசு என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது.

அண்ணா, இதை எழுத உட்காருவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து உன் ஸ்வெட்டரை நான் போட்டுப் பார்த்தேன். என் கை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பாவாடையைப் பந்து மாதிரி சுருட்டி மேலே எறிந்து பிடித்தேன். நழுவியது. மறுபடியும் நழுவியது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் உள்ளே என் விரல், வெளியே உன் கம்பளி, நடுவில் ஒன்றுமேயில்லை. மைதானத்தில் இத்தனை பேர் பார்க்க அவன் இப்படித்தானே நின்றான்?

பள்ளிக்கூடத்துத் தையல் கத்திரி பையில் இருக்கிறது. எடுத்தும் விட்டேன். பிறகுதான் யோசித்தேன். நான் இப்போது வெட்டி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கிறவர்கள் யார் வெட்டினது என்று கேட்பார்கள். யார் மேல் பழி விழும்? ஆரோக்கியம்தான் வெட்டிவிட்டான் என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைப்பாள். கத்திரியை உள்ளே வைத்துவிட்டேன். இது மறைவாகச் செய்கிற காரியம் இல்லை.

அம்மாவிடம் சொல்லலாம் என்றால் எனக்கு நாக்கு எழாது. "அந்தக் கை பெரிசும்மா" என்று ஆரம்பித்தாலே அவள் அழுதுவிடுவாள். அப்பாவிடம் புட்பால் என்றாலே முடிந்தது. அதனால் பேசப் போவதில்லை. இப்படி நினைத்திருக்கிறேன். நாளைக்கு அப்பாவுக்கு டியூட்டி இல்லை, வீட்டில்தான் இருப்பார். ஸ்வெட்டரை அவரிடம் கொண்டுபோய், "போட்டுக்கப்பா" என்று கொடுப்பேன். அப்பாவும் ஆரோக்கியமும் ஒரே உயரம்தான். நீதான் அம்மா வழிப் பனைமரம். அப்பா போட்டுக்கொள்வார், மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது, உன்னைத் தொடுகிற மாதிரி அல்லவா இருக்கும் அவருக்கு. போட்டதும் எதிரே நின்று உன் பழைய பந்தை அவரிடம் போடுவேன். மெதுவாக, நெஞ்சுக்கு நேராக. "புடிப்பா" என்பேன்.

அடித்தால் அடிக்கட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எழுத்தெல்லாம் கோணிப் போகிறது பார். ஆனால் பந்து அவர் கையில் நிற்காது அண்ணா. கீழே விழுந்து உருண்டு போகும். அப்போது அவருக்குத் தெரிந்துவிடும். தான் எந்தக் கன்னத்தில் அடித்தோம், எதற்காக அடித்தோம் என்று முழுக்கத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அப்பா முகத்தை நான் பார்க்கமாட்டேன். நீயும் பார்க்காதே.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் சட்டையில் கத்திரி வைத்தால் உனக்கு வலிக்குமா? இதற்கு யார் எனக்குப் பதில் சொல்வார்கள்?

வலிக்காது என்று நம்பிக்கொண்டு சத்தியம் செய்கிறேன். அம்மாவையே பக்கத்தில் உட்கார வைத்து, ஆரோக்கியத்தை வீட்டு வாசலுக்கு வரவழைத்து, அவன் மணிக்கட்டில் அளவு பார்த்துத்தான் வெட்டுவேன். வெட்டி எடுக்கிற இரண்டு துண்டும் அம்மாவுக்கு. உன் கை இருந்த இடம் அதுதானே, பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். மீதி ஸ்வெட்டர் கோலுக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெயிப்போமா, தோற்போமா, எனக்குத் தெரியாது. தோற்றால் அவன் விரலால் தொட்டுத் தோற்கட்டும்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
தனம்